ஸ்டியரிங்கை மாற்றுங்கள், தகட்டில் கை வைக்காதீர்கள்

பெங்களூரில் பழைய கார்களுக்கு வேலை பார்க்கும் பட்டறை முதலாளிகளுக்கும், மேஸ்திரிகளுக்கும், டிங்கரிங், பெயின்டிங் ஷெட் வைத்திருப்பவர்களுக்கும், அந்தக் கார்களை வரிசையாக நிறுத்திப் பரிசு கொடுக்கும் கிளப் நிர்வாகிகளுக்கும்:

உங்களில் ஒருவரிடம் என் மாமனாரின் காரைக் கொடுத்தோம். 1968இல் வாங்கிய ஃபியட் 1100 டிலைட். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் பொருத்தச் சொன்னோம், பொருத்திக் கொடுத்தார்கள். ஸ்டியரிங்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நின்ற இடத்தில் ஒற்றைக் கையால் திருப்பலாம். ஆனால் பானெட்டைத் தூக்கினால், ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவிலுள்ள தகரச் சுவரில், கம்பெனி அடித்து அனுப்பிய அடையாளத் தகடு இல்லை. ரிவிட் துளைகளில் பட்டி அடைத்து, தேய்த்து, மேலே பளபளவென்று பெயின்ட். அங்கே ஒரு தகடு இருந்ததே புதிதாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. வேலை அவ்வளவு சுத்தம்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி மழுப்பவில்லை. "அதுவா சார்? புது ஸ்டியரிங் காலம் இறக்கறதுக்கு ஃபயர்வால்ல வெட்டி வெல்டிங் வைக்கணும். தகடு இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டிட்டோம். துருப்பிடிச்சுப் போயிருந்துச்சு சார், பசங்க தூக்கிப் போட்டிருப்பாங்க. நம்பரைக் கொடுங்க, புதுசா அடிச்சுத் தர்றேன்" என்றார். (காலம் என்பது ஸ்டியரிங் வீலிலிருந்து ஃபயர்வாலைத் துளைத்து இறங்கும் தண்டு.) எங்கள் தகடு அலுமினியம். அலுமினியம் எங்கே துருப்பிடிக்கும்? அது போகட்டும். அடுத்து அவர் சொன்னதுதான் என்னை எழுத உட்கார வைத்தது: "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் செய்யறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

ஒரு பட்டறையில் ஒரு வண்டிக்கு நடந்தது என்றால் அவரோடு பேசி முடித்திருப்பேன். எல்லா வண்டிக்கும் என்கிறார். வேறு பட்டறைகளிலும் விசாரித்தேன். அவர் பொய் சொல்லவில்லை. அதனால்தான் பெயர் எதுவும் போடாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர். இந்த ஊரில் விபத்தான வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பிழைப்பு. வண்டி எப்படி நசுங்கிக் கிடந்தாலும் நான் முதலில் தேடுவது அடியை அல்ல, சேஸிஸ் நம்பரை. ஆர்சியில் இருக்கிற வண்டிதான் இது என்று உறுதியாகாமல் மேலே ஒரு வரி எழுத முடியாது. நம்பர் குத்தியிருக்கும் இடத்தை வேஸ்ட் துணியால் துடைத்து, அதன்மேல் மெல்லிய காகிதத்தை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்ப்போம். குழி வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கறுப்பாகவும் நம்பர் எழுந்து வரும். கேமரா போன் வந்த பிறகும் இந்தப் பென்சில் பிரிண்டுக்கு மதிப்புப் போகவில்லை. போட்டோவில் தெரியாத கிரைண்டர் கீறல் இதில் தெரிந்துவிடும். பழைய எண்ணை அழித்துவிட்டு மேலே வேறு எண் குத்தியிருந்தால் அந்த இடத்துத் தகரம் லேசாகக் குழிந்திருக்கும். பென்சில் அதையும் காட்டிக்கொடுக்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கை மாற்றவே கூடாது, வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிற ஆள் நான் இல்லை. கிளப்புகளில் அப்படிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை வெளியே எடுப்பவர்கள். என் மாமனார் தினமும் ஓட்டுகிறவர். எண்பதைத் தாண்டிவிட்டார். தோள்பட்டை வலி. அல்சூரில் எங்கள் தெருவில் காரை நிறுத்தி எடுக்க வேண்டுமென்றால் நின்ற இடத்திலேயே சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பியாக வேண்டும். "ஓட்டுறதுக்குத்தானே கார் மாப்பிள்ளை, பூஜை போடவா?" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் கொடுத்தோம். ஸ்கிராப்பான சின்னக் காரிலிருந்து மோட்டார் வைத்த காலத்தை எடுத்துப் பழைய ஃபியட்டில் உட்கார வைப்பது சாதாரண வேலை இல்லை. அந்த மோட்டார் இழுக்கிற கரண்டைப் பழைய டைனமோ தராது, ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டும். புதுக் காலத்தின் கோணம் பழைய ஸ்டியரிங் பாக்ஸோடு ஒத்துப்போகாது, நடுவில் ஜாயின்ட் போட வேண்டும். இதையெல்லாம் புத்தகம் இல்லாமல், கண்ணளவிலும் கையளவிலும் செய்து முடிக்கிற மேஸ்திரிகள் உங்களிடம் இருக்கிறார்கள். அந்தக் கைத்திறனுக்கு நான் கும்பிடு போடுவேன். அப்படிப்பட்ட கைக்கு ஒரு தகட்டைப் பத்திரமாகக் கழற்றி அதே இடத்தில் திரும்ப அடிக்கத் தெரியாதா?

வெளியில் படிக்கிறவர்களுக்காக, ஸ்டியரிங் வேலையில் ஏன் குறிப்பாக இந்தத் தகடு பலியாகிறது என்பதைச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

பழைய கார்களில் அடையாளம் வைக்க ஒரே மாதிரி இடம் கிடையாது. இன்றைக்கு எல்லா வண்டிக்கும் 17 எழுத்து எண் இருக்கிறது. அமெரிக்காவில் 1981 மாடலிலிருந்துதான் அது கட்டாயமானது; நம் நாட்டுக்கு இன்னும் பிந்தி வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு முறை, ஒரு இடம். ஃபியட் மாதிரி கார்களில் ஃபயர்வால். ஸ்டியரிங் காலம் துளைத்துக்கொண்டு போவதும் அதே ஃபயர்வால்தான். அமெரிக்கச் சந்தைக்குப் போன பி.எம்.டபிள்யூ 2002 காரில் எண் தகடு ஸ்டியரிங் காலத்தின் மேலேயே இருக்கும். அந்தக் காலத்தைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டால் வண்டியின் பெயரையே எடைக்குப் போட்ட மாதிரி.

ஜீப்பில் கதை இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போருக்கென்று வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதி போர் முடிந்து, ராணுவம் கழித்து விற்ற டிஸ்போசலில் இங்கேயே தங்கிவிட்டது. வில்லிஸ் வண்டியின் சீரியல் நம்பர் ஒரு சின்னத் தகட்டில், முன் பம்பருக்குப் பின்னால், சேஸிஸின் இடது நீளச் சட்டத்தின் உள்பக்கம் ரிவிட் அடித்திருக்கும். ஃபோர்டு செய்த ஜீப்பில் அதே இடது சட்டத்தின் மேல்பக்கம், இரும்பிலேயே குத்தியிருக்கும். இரண்டும் இடதுகை ஸ்டியரிங் வண்டிகள். அதாவது ஸ்டியரிங் பாக்ஸும் அதே இடது சட்டத்தில்தான். இப்போது நம் ஊரில் என்ன நடக்கிறது? இடதுகை ஸ்டியரிங் வண்டியை ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் சிக்னல் காட்டத் தனிச் சாதனம் வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆவது பிரிவு. ஓட்டுவதற்கும் சௌகரியமில்லை. ஆகவே வலப்பக்கத்துக்கு மாற்றுகிறோம். பழைய பாக்ஸை அவிழ்த்து, இடது சட்டத்திலுள்ள பிராக்கெட்டை வெட்டி, மீந்ததைக் கிரைண்டரால் சமன் செய்து, கறுப்புப் பெயின்ட் அடிக்கிறோம். அந்தச் சமன் செய்கிற வேலையில் தகடு போகிறது, சில வண்டிகளில் குத்திய நம்பரும் சேர்ந்து போகிறது. வலதுகை ஜீப்பாகவே வந்த வண்டிகளுக்கும் இப்போது புது ஜீப்புகளின் பவர் ஸ்டியரிங் பாக்ஸை மாட்டுகிறார்கள். அதற்குச் சட்டத்தில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங். அங்கேயும் கிரைண்டர்தான் முதலில் இறங்குகிறது.

அப்படி ஒரு ஜீப் என்னிடம் கிளெய்முக்கு வந்தது. ஓசூர் ரோட்டில் பின்னால் வந்த லாரி இடித்திருந்தது. ஜீப்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. பாலிசி இருக்கிறது, ஆர்சி இருக்கிறது, வரி கட்டியிருக்கிறார். ஆனால் ஆர்சியிலுள்ள நம்பரை வண்டியில் எங்கே காட்டுவது? இடது சட்டம் மொழுமொழுவென்று இருந்தது. டாஷ்போர்டில் இருந்த தகடுகள் அச்சடித்து வாங்கிய புதுத் தகடுகள். அவர் திருடர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் "எனக்குத் தெரியும்" என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாதே! இடித்தவன் போய்விட்டான், இடிபட்டவர் தன் வண்டி தன்னுடையதுதான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் அலைந்தார். அவருடைய பட்டறைக்காரர் ஒரு நாள்கூட வந்து நிற்கவில்லை.

சரி, தகடு போனால் என்ன, நம்பர் ஆர்சியில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். எங்கள் ஃபியட்டிலும் ஃபயர்வாலில் தகட்டைத் தவிரத் தகரத்திலேயே குத்திய நம்பர் உண்டு. அதன்மேலும் உங்கள் ஆட்கள் பட்டி இழுத்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஆர்சி புதுப்பிக்கக் காரைக் காட்டப் போன இடத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து, ஃபயர்வாலைத் தடவிப் பார்த்து, "நம்பர் எங்கே?" என்றார். தின்னரும் பழைய துணியும் வாங்கி வந்து அங்கேயே நின்று பெயின்ட்டைக் கரைத்தோம். நம்பர் வந்தது. ஆனால் கடைசி இலக்கத்தின்மேல் குறுக்காகக் கிரைண்டர் ஓடியிருந்தது. 3 என்றும் படிக்கலாம், 8 என்றும் படிக்கலாம். தகடு இருந்திருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். இன்ஸ்பெக்டர் ஃபைலைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் காருக்காகப் பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்தவர் அவர். மைசூர் மாநிலம் என்ற பெயர் இருந்த நாளில் எம்.ஒய். என்று தொடங்கும் எண் வாங்கினார். 1973இல் மாநிலத்தின் பெயர் மாறியது, காரின் எண் மாறவில்லை. அப்படிப்பட்டவரைத் தன் காருக்குச் சாட்சி தேட வைத்துவிட்டீர்கள்.

புதுத் தகடு அடித்துத் தருகிறேன் என்கிற பேச்சுக்கு வருகிறேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். பழைய தகட்டை நீங்கள் நிதானமாகப் பார்த்ததுண்டா? எங்கள் தகட்டில் கம்பெனிப் பெயரும் கட்டங்களும் அச்சில் வந்தவை. நம்பர் மட்டும் பம்பாய்க் குர்லா தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி ஒவ்வொரு இலக்கமாக வைத்துச் சுத்தியலால் அடித்தது. ஒரு 7 கொஞ்சம் சாய்ந்திருக்கும். ஒரு 0 மற்றதைவிட ஆழமாக இறங்கியிருக்கும். கட்டத்தின் கோட்டைத் தாண்டி ஒரு இலக்கம் வெளியே போயிருக்கும். கல்யாணப் போட்டோக்களில் காரின் பானெட் திறந்திருக்கும்போது எடுத்தது ஒன்று இருக்கிறது, அதில்கூட அந்தச் சாய்ந்த 7 தெரிகிறது. நீங்கள் கம்ப்யூட்டரில் வெட்டித் தரும் தகட்டில் எல்லா இலக்கமும் சிப்பாய் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தெரிந்த கண்ணுக்கு அது பத்து அடியிலிருந்தே தெரியும். தெரிந்தவுடன் அந்தக் கண் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படத் தொடங்கும்: இன்ஜின் மாற்றியதா, இரண்டு வண்டியை வெட்டி ஒட்டியதா, ஆர்சி எந்த வண்டியுடையது? நிஜமான வண்டியில் போலித் தகடு ஏறினால் நிஜமும் போலியாகிவிடுகிறது.

காயலான் கடைக்குப் போன வண்டியின் தகடும் ஆர்சியும் சேர்ந்து தனியாக விலைபோகிற விவகாரத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கழற்றிப் போட்ட தகடு குப்பைக்குத்தான் போகும் என்பது என்ன நிச்சயம்? மாமாவின் காருடைய பெயரில் நாளைக்கு வேறு எங்கேயாவது இன்னொரு ஃபியட் ஓடாது என்று உங்களால் எழுதித் தர முடியுமா?

தகட்டில் இருப்பது சேஸிஸ் நம்பர் மட்டுமில்லை. இத்தாலிய ஃபியட் தகடுகளில் உதிரிபாகம் வாங்குவதற்கென்றே தனி எண் வரிசை ஒன்று இருக்கும். ஒரே மாடலில் நடுவில் ஒரு பாகம் மாறியிருந்தால், எந்த எண்வரை பழையது, எந்த எண்ணிலிருந்து புதியது என்பதை அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுகளில் தகட்டைப் பார்த்தே கார் என்ன நிறத்தில் வெளியே வந்தது, உள்ளே என்ன நிற சீட் என்று சொல்லலாம். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள யார் இருக்கிறார்கள்? 1940களில் பிளிமத், டாட்ஜ் வண்டிகளைப் பூட்டி, பின்னால் ஃபியட்டையும், அதற்கே பிரசிடென்ட், பத்மினி என்று பெயர் மாற்றியும் செய்த குர்லா ஆலை இன்று கார் செய்வதில்லை. ஹெரால்டை இங்கே செய்த நம் சென்னைக் கம்பெனி மூடிப் பல காலம் ஆகிறது. அம்பாசடர் வந்த உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு வேலை நின்றது. அதற்கும் முன்னால் பம்பாயில் 1928 முதல் வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் கடையைக் கட்டிவிட்டது. மும்பை ரோட்டிலிருந்து பத்மினி டாக்சிகளும் 2023 அக்டோபரோடு போய்விட்டன. அந்த வண்டிகளைப் பற்றிக் கம்பெனி சொன்ன சொல்லில் நம் கையில் மிஞ்சியது அந்த உள்ளங்கையளவு அலுமினியம்தான். பட்டறையில் இன்னொன்று செய்ய முடியாத ஒரே பாகமும் அதுதான். பம்பர் செய்துவிடலாம், கிரில் செய்துவிடலாம், சென்னைப் புதுப்பேட்டையிலோ இங்கே சிவாஜி நகர் குஜ்ரியிலோ உள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் ஸ்டியரிங் பாக்ஸே கிடைக்கும்.

சட்டம் பற்றியும் கொஞ்சம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இதை வைத்து ஸ்டியரிங் மாற்றுவது சரியா தப்பா என்று வாதம் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் ஸ்டியரிங் என்ன வகை என்று ஆர்சியில் எழுதுவதில்லை, சேஸிஸ் நம்பரை எழுதுகிறார்கள். வாதத்துக்கு இடமுள்ள வேலையைச் செய்யப் போய், வாதத்துக்கே இடமில்லாத ஒன்றை அழித்து வைக்கிறீர்கள்.

2021 ஜூலையில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி எண். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி ஷெல், இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் ஸ்டியரிங் இல்லை. இதைப் பார்த்து நிம்மதிப்படும் சொந்தக்காரர்கள் உண்டு. ஆனால் ஸ்டியரிங்குக்காக ஃபயர்வாலை வெட்டினால் அது பாடி ஷெல்லில் வைத்த கை. ஜீப்பின் நீளச் சட்டத்தை அரைத்தால் சேஸிஸில் வைத்த கை. போல்ட் போட்டு முடிக்கக்கூடிய இடத்தில் வெல்டிங் வைத்து, கூடவே தகட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, வின்டேஜ் பதிவுக்கு வண்டியைப் பரிசோதிக்கும் கமிட்டி முன்னால் வண்டிக்காரரை அனுப்புகிறீர்கள்.

கிளப் நிர்வாகிகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. உலகப் பழைய கார் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் டூரின் சாசனம் என்று ஒன்றை ஏற்றுக்கொண்டது. ஃபியட் பிறந்த ஊரின் பெயர், பொருத்தம்தான். பழைய வண்டியில் எந்த வேலை செய்தாலும் திரும்பப் பழையபடி ஆக்கக்கூடியதாக இருக்கட்டும், செய்ததை எழுதி வையுங்கள், கழற்றிய முக்கியமான அசல் பாகங்களை வண்டியோடு பத்திரப்படுத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். உங்கள் மேடைகளில் அதைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஆனால் நீங்கள் மார்க் போடுவது எதற்கு? குரோம் மின்னுகிறதா, இன்ஜின் அறை கண்ணாடி மாதிரி இருக்கிறதா என்பதற்கு. நசுங்கிய, பெயின்ட் தெறித்த, சாய்ந்த எழுத்துள்ள பழைய தகடு உங்கள் பார்வையில் அழுக்கு. பளபளக்கும் போலித் தகடு சுத்தம். பட்டறைகள் தகட்டைக் கழற்றக் கற்றுக்கொண்டதில் உங்கள் பரிசுக் கோப்பைகளுக்கும் பங்கு உண்டு என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இனி நான் கேட்பவை.

பட்டறைக்காரர்களே, பழைய காரோ ஜீப்போ ஸ்டியரிங் வேலைக்கு வந்தால், ஸ்பேனர் எடுப்பதற்கு முன்னால் சொந்தக்காரரை நிற்க வைத்து எல்லாத் தகடுகளையும் குத்திய நம்பர்களையும் போட்டோ எடுங்கள், பென்சில் பிரிண்டும் எடுங்கள். ஒரு பிரதி ஜாப் கார்டில், ஒன்று அவர் கையில். இதற்குப் பத்து நிமிடமும் ஒரு தாளும் போதும்.

தகட்டைக் கழற்றாமல் வேலை செய்ய வழி இருந்தால் அந்த வழியில் செய்யுங்கள், கூலி கூட ஆனால் கேளுங்கள், தருகிறோம். கழற்றியே ஆக வேண்டும் என்றால் சொந்தக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். ரிவிட்டின் தலையை மட்டும் மெல்ல எடுங்கள், தகட்டை நெம்பாதீர்கள். கவரில் போட்டு வண்டி நம்பரை எழுதி மேஜை டிராயரில் பூட்டுங்கள், பையனிடம் கொடுக்காதீர்கள். தேய்க்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம், பெயின்ட் வேண்டாம். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே துளைகளில், அதே மாதிரி ரிவிட்டால் அடியுங்கள்.

குத்திய நம்பரைச் சுற்றி ஒரு சாண் இடத்துக்குள் கிரைண்டரோ வெல்டிங்கோ பட்டியோ வரக் கூடாது. பெயின்ட் அடிக்கும்போது நம்பர்மேல் டேப் ஒட்டுங்கள். பிராக்கெட் அங்கேதான் வர வேண்டும் என்று நின்றால் வேலையை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள்.

கழற்றிய பழைய ஸ்டியரிங் பாக்ஸ், காலம், வீல், லிங்க் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி வண்டியோடு திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் பொருள் இல்லை.

புதுத் தகடு அடிக்கும் வேலையை விட்டுவிடுங்கள். அசல் உண்மையிலேயே தொலைந்துபோன வண்டிக்கு அடிக்க நேர்ந்தால், 'நகல்' என்ற சொல்லும் அடித்த வருடமும் கண்ணுக்குத் தெரியும்படி அதிலேயே இருக்கட்டும்.

கிளப் நிர்வாகிகளே, அடுத்த கண்காட்சியிலிருந்து மார்க் ஷீட்டில் அசல் தகட்டுக்கென்று ஒரு வரி சேருங்கள். நகலை அசல் என்று காட்டும் வண்டிக்குப் பரிசு கிடையாது என்று முன்கூட்டியே அறிவியுங்கள். உங்கள் உறுப்பினர்களின் வண்டிகளில் இருக்கும் தகடுகளைப் போட்டோ எடுத்து ஒரு பதிவேடு வையுங்கள். கம்பெனிகள் மூடிவிட்ட நிலையில் இதைச் செய்ய உங்களைவிட்டால் ஆளில்லை.

கடைசியாக, எங்கள் காரைச் செய்துகொடுத்தவருக்கு. புதுத் தகடு எனக்கு வேண்டாம். உங்கள் ஷெட்டில் நட்டு போல்ட்டு டப்பாக்களையும், பெஞ்சுக்கு அடியில் குவிந்திருக்கும் தகரத் துண்டுகளையும் ஆள் வைத்து ஒரு தடவை முழுக்கத் தேடச் சொல்லுங்கள், கூலியை நான் தருகிறேன். கிடைக்காவிட்டால், எந்தத் தேதியில், எந்த வேலைக்காகத் தகட்டைக் கழற்றினீர்கள், குத்திய நம்பர்மேல் கிரைண்டர் எப்படி ஓடியது என்று உங்கள் லெட்டர் பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். இன்ஸ்பெக்டர் தனியே எடுத்து வைத்த அந்த ஃபைலில் வைக்க அது எங்களுக்கு வேண்டும். தேடும்போது வேறு யாருடைய தகடாவது அகப்பட்டால் அதையும் காயலான் கடைக்கு அனுப்பாமல் அவரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயர்